இடித்தவரே திரும்பக் கட்டிய பப்

லண்டனின் வடமேற்கில், கில்பர்ன் பகுதியில் கார்ல்டன் வேல் என்றொரு தெரு. அதில் கார்ல்டன் டேவர்ன் என்ற சின்ன பப் இருக்கிறது. சிவப்புச் செங்கல் சுவர், தெருவைப் பார்த்த முகப்பில் மெருகேற்றிய சுடுமண் டைல். பார்த்தவுடனே நூறு வருஷத்துக் கட்டிடம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சுவருக்கு வயது சில வருஷம்தான். 1921இல் கட்டி முடித்த அசல் கட்டிடத்தை 2015 ஏப்ரலில் அதன் உரிமையாளரே அனுமதி வாங்காமல் இடித்துப் போட்டார். அந்த உரிமையாளரையே அதே இடத்தில், அதே மாதிரி திரும்பக் கட்ட வைத்தது நகரமன்றம். 2021 ஏப்ரலில் பப் மறுபடி திறந்தது.

இந்த நிகழ்வை மக்கள் கோபத்தின் வெற்றியாகச் சொல்வதுதான் வழக்கம். பேராசைக்கார நிறுவனம், கொதித்தெழுந்த அக்கம்பக்கம், கடைசியில் நியாயம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கோபம் எல்லாம் இடிந்த பிறகு வந்தது. புல்டோசர் வருவதற்கு முன்பே, ஏதோ நடக்கப் போகிறது என்று சந்தேகப்பட்ட சில குடியிருப்பாளர்கள் அந்தக் கட்டிடத்தைப் படம் பிடிக்கவும் டைலுக்கு அச்சு எடுக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். என் பார்வையில் பப்பை மீட்டது அந்த வேலைதான். அது நடந்திருக்காவிட்டால், நகரமன்றம் எத்தனை நோட்டீஸ் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு கட்டிடம்தான் எழும்பியிருக்கும்.

இரண்டு போர்களுக்கு நடுவே

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பெயருக்கு ஏற்ப அது அக்கம்பக்கத்துக்கெல்லாம் பொதுவான வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் உறவுகள் கூடுவது, கல்லறையிலிருந்து நேரே வந்து இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு பைண்ட் பீர் குடிப்பது எல்லாம் அங்கேதான். கில்பர்ன் மாதிரி ஐரிஷ்காரர்கள் அதிகம் குடியேறிய பகுதியில், வீடு சின்னதாக இருப்பவர்களுக்கு, அந்தக் கூடம் இல்லையென்றால் கூடுவதற்கு இடமே இல்லை.

கார்ல்டன் டேவர்ன் இருந்த இடத்தில் அதற்கு முன்னாலும் ஒரு பப் இருந்தது. முதல் உலகப் போரின் கடைசி வருஷமான 1918இல் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அது அழிந்தது. சாரிங்டன் என்ற பீர் ஆலை 1920-21இல் அந்த இடத்தில் புதிதாகக் கட்டியது. கட்டிடக்கலைஞர் ஃப்ராங்க் பாட்டர் என்று கருதுகிறார்கள். சாரிங்டன் சாதாரண ஆலை இல்லை. கிழக்கு லண்டனின் மைல் எண்டில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பீர் காய்ச்சியவர்கள். அந்தக் காலத்தில் ஆலைகளே பப்களைச் சொந்தமாக வைத்திருந்தன. நடத்துபவர் வாடகை கொடுப்பார். பீரையும் அதே ஆலையிடம்தான் வாங்கியாக வேண்டும். கட்டிடம் நன்றாக இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பீர் ஓடும். அதனால் ஆலைகள் கட்டிடத்தில் பணத்தைக் கொட்டத் தயங்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு குடிப்பழக்கத்தைக் கட்டுப்படுத்த பப் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தது; கார்லைல் நகரத்தில் பப்களையும் ஆலைகளையும் அரசே எடுத்து நடத்தியது. கார்ல்டன் டேவர்ன் எழும்பத் தொடங்கிய 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. நம் தலையிலும் இது விடியுமோ என்று பிரிட்டிஷ் ஆலைகள் பயந்தன. பப் என்றால் ஆண்கள் நின்றுகொண்டே குடித்துவிட்டுச் சண்டை போடும் இடம் என்ற பெயரை மாற்ற வேண்டும், சாப்பாடு கிடைக்க வேண்டும், பெண்கள் தயங்காமல் உள்ளே வர வேண்டும். இந்த எண்ணத்தில் இரண்டு போர்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான பப்களை ஆலைகள் புதிதாகவோ திருத்தியோ கட்டின.

அந்தத் தலைமுறைக் கட்டிடங்களின் உள்ளமைப்பே ஒரு சமூகப் படம். பப்ளிக் பார் என்று ஒரு பக்கம்: வெறும் மரத்தரை, கடினமான பெஞ்ச், வேலை முடிந்து அழுக்கு உடுப்போடு வரும் கூலித் தொழிலாளிக்கு. சலூன் பார் என்று இன்னொரு பக்கம்: விரிப்பு, மெத்தை வைத்த இருக்கை, அதே பீருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. நடுவில் ஒரு தடுப்பு. 1960களிலிருந்து நாடு முழுக்க இந்தத் தடுப்புகளை உடைத்து ஒரே பெரிய ஹாலாக ஆக்கிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அலங்காரத்தை மாற்றுவது பப் தொழிலில் வழக்கம். அப்படி மாற்ற மாற்ற, 1920களின் பப் உள்ளே எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு ஆளில்லாமல் போனது.

கார்ல்டன் டேவர்னை யாரும் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தத் தெருவில் தப்பிய ஒரே கட்டிடம் அது என்று சொல்வார்கள். போருக்குப் பின் சுற்றிலும் அரசு அடுக்குமாடிகள் எழும்பின. நடுவில் இந்தச் சிவப்புக் கட்டிடம் மட்டும் பழைய தெருவின் கடைசி ஆளாக நின்றது. சாரிங்டன் 1967இல் பாஸ் என்ற இன்னொரு பீர் நிறுவனத்தோடு சேர்ந்தது. மைல் எண்டில் பீர் காய்ச்சுவது 1975இல் நின்றது. ஆலை போய்விட்டது, பப் இருந்தது. உள்ளே 1920களின் அமைப்பும் வெளியே அந்த டைல்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பெரிய பணம் யாரும் போடாததால் தப்பித்த கட்டிடம் என்று நினைக்கிறேன். பழைய கட்டிடங்கள் பலவும் அப்படித்தான் தப்பிக்கின்றன.

உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் மதிப்பு

2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் 60,000க்கும் மேல் பப்கள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 45,000. இந்தச் சரிவுக்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. 2008 முதல் 2013 வரை பீர் மீதான வரியைப் பணவீக்கத்துக்கும் மேலே வருஷா வருஷம் ஏற்றினார்கள். சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

எனக்கு முக்கியமாகத் தெரிவது 1989. அந்த வருஷம் அரசு ஓர் ஆணை போட்டது. பெரிய ஆலைகள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் பப் வைத்திருப்பதால் போட்டி இல்லை, 2,000க்கு மேல் வைத்திருப்பவர்கள் அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை, தங்களிடம்தான் பீர் வாங்க வேண்டும் என்ற கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும் என்றது. எண்ணம் நல்லதுதான். நடந்தது வேறு. ஆலைகள் விற்ற பப்களை மொத்தமாக வாங்க, பீர் காய்ச்சாத, பப்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள் உருவாயின. அவை கடன் வாங்கித்தான் பப்களை வாங்கின. கடன் கழுத்தை நெரித்தபோது கையில் இருந்த கட்டிடங்களை விற்றன. பீர் ஆலைக்கு பப் என்பது தன் சரக்கை விற்கும் வாசல். அதை மூடினால் தனக்கே நஷ்டம். சொத்து நிறுவனத்துக்கு பப் என்பது மனை. மனையில் பப் நின்றால் இவ்வளவு, ஃப்ளாட் நின்றால் இவ்வளவு என்று இரண்டு எண்கள். லண்டனில் இந்த இரண்டாவது எண் எப்போதும் பெரியது. நன்றாக ஓடும் பப்பும், கூட்டம் குறையாத பப்பும் இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். ஓடாத பப்தான் மூடுகிறது என்று நினைப்பது தவறு.

கார்ல்டன் டேவர்னை வாங்கியது சிஎல்டிஎக்ஸ் என்ற நிறுவனம். பப்பின் இடத்தில் 10 ஃப்ளாட்கள் கொண்ட கட்டிடம் எழுப்ப வெஸ்ட்மின்ஸ்டர் நகரமன்றத்திடம் அனுமதி கேட்டது. 2015 ஜனவரியில் நகரமன்றம் மறுத்துவிட்டது.

ஈஸ்டர் வாரம்

மறுத்தாகிவிட்டதே, இனி என்ன என்று அக்கம்பக்கத்தார் நிம்மதியாக உட்காரவில்லை. இங்கிலாந்தில் பழைய கட்டிடங்களைக் காப்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் கட்டிடம் ஏறிவிட்டால் தனி அனுமதி இல்லாமல் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. முதல் நிலை, நட்சத்திரம் போட்ட இரண்டாம் நிலை, இரண்டாம் நிலை என்று மூன்று படிகள். ஆராய்ந்து பரிந்துரைப்பது ஒரு பாரம்பரிய அமைப்பு, முடிவெடுப்பது அமைச்சர். குடியிருப்பாளர்கள் அந்த அமைப்பிடம் மனு கொடுத்தார்கள். அப்போது அதன் பெயர் இங்கிலிஷ் ஹெரிடேஜ். 2015 ஏப்ரல் 1 அன்றுதான் அந்தப் பொறுப்பு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற புதுப் பெயருக்கு மாறியது. அவர்கள் ஏற்கெனவே போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பப்களைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், டைல்களுக்கு அச்சு எடுத்தார்கள்.

ஏப்ரல் 6, ஈஸ்டர் திங்கட்கிழமை. சாமான்களைக் கணக்கெடுக்க வேண்டும், அதனால் மூடிவையுங்கள் என்று பப்பை நடத்திவந்த அம்மாவுக்குச் சொன்னார்கள். அவரும் மூடினார். கணக்கெடுப்பு என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8 புதன்கிழமை, புல்டோசர் வந்தது. தெருவில் இருப்பவர்கள் வெளியே வந்து பார்ப்பதற்குள் கூரை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு உலகப் போர்களின் குண்டுகளைச் சந்தித்த இடம், வேலை நாளில், பகல் வெளிச்சத்தில், பெரும்பகுதி தரைமட்டமானது. இரண்டாம் நிலைப் பட்டியலில் சேர்க்கலாம் என்ற பரிந்துரை வெளிவர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

அந்த இரண்டு நாளின் மதிப்பு என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள கட்டிடத்தை அனுமதி இல்லாமல் இடித்தால் அது குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம். பட்டியலில் இல்லாத கட்டிடத்தை இடித்தால் அது பெரும்பாலும் திட்ட விதி மீறல் மட்டுமே. நகரமன்றம் நோட்டீஸ் விடும், மேல்முறையீடு செய்யலாம், வருஷக்கணக்கில் இழுக்கலாம். ஒரே கட்டிடம், ஒரே புல்டோசர். புதனன்று இடித்தால் காகிதப் பிரச்சினை, சில நாள் கழித்து இடித்தால் சிறை. இங்கிலாந்தில் ஒரு கட்டிடத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஆராயும் காலத்தில் அதற்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வேல்ஸ் இந்த ஓட்டையைப் பின்னர் தன் சட்டத்தில் அடைத்தது. இங்கிலாந்தில் நகரமன்றம் விரும்பினால் ஆறு மாதத் தற்காலிகப் பாதுகாப்பு நோட்டீஸ் போடலாம். அதற்கு முதலில் ஆபத்து தெரிய வேண்டும். ஆராய்ச்சி நடக்கிறது என்ற விஷயமோ வழக்கமாக உரிமையாளருக்கும் சொல்லப்படும். நேர்மையான உரிமையாளருக்கு அது நியாயம். அவசரக்காரருக்கு அதுவே முன்னெச்சரிக்கை.

இடிப்புக்கும் அன்று ஒரு சுலபமான வழி இருந்தது. பட்டியலில் இல்லாத பப்பை இடிக்க முழுத் திட்ட அனுமதி வேண்டியதில்லை. நகரமன்றத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து 28 நாள் காத்திருந்தால் போதும். இங்கே அந்தத் தகவலும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த 28 நாளில் கட்டிடம் பட்டியலில் ஏறியிருக்கும். ஆனால் கொடுக்காததுதான் நகரமன்றத்தின் கையில் சாட்டையைக் கொடுத்தது. தகவல் கொடுத்து, காத்திருந்து, பட்டியல் தாமதமாகி இடித்திருந்தால், இன்று இந்தக் கதையே இருந்திருக்காது.

சரியான நேரத்தில் பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற 1930களின் பப் சாட்சி. 2012இல் அதையும் மூடி விற்கப் பார்த்தார்கள். அங்கே பட்டியல் முந்திக்கொண்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து' என்று பதிவான முதல் பப்பும் அதுதான். அந்தப் பதிவு இருந்தால் விற்பனையை ஆறு மாதம் நிறுத்திவைத்து ஊர்க்காரர்கள் பணம் திரட்டலாம். 371 பேர் பங்கு வாங்கி, 2013 ஆகஸ்டில் தாங்களே திறந்துவிட்டார்கள்.

டைலின் அச்சு

கில்பர்னில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் அச்சு இருந்தது.

பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்டச் சட்டத்தில் 173ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. விதியை மீறி ஒரு கட்டிடத்தை இடித்திருந்தால், 'இடிந்த கட்டிடத்தை முடிந்தவரை ஒத்த' மாற்றுக் கட்டிடத்தைக் கட்டச் சொல்லி நகரமன்றம் நோட்டீஸ் விடலாம் என்கிறது அது. புத்தகத்தில் இருந்தாலும் இதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. ஏனென்றால் 'முடிந்தவரை ஒத்த' என்பதில்தான் வழக்கே கவிழும். எதை ஒத்த? முன்பக்கப் புகைப்படம் நாலைந்து கிடைக்கும். உள்ளே கூரையின் வேலைப்பாடு எவ்வளவு ஆழம், பார் கவுண்டரின் உயரம் என்ன, டைலின் வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்றெல்லாம் கேட்டால் யாரிடம் பதில்? பதில் இல்லாவிட்டால் உரிமையாளர் தரப்பு 'முடிந்தது இவ்வளவுதான்' என்று ஒரு செங்கல் பெட்டியை நிறுத்திவிட்டுப் போகலாம்.

டைல் விஷயத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த ஆவணத்தின் அருமை புரியும். முகப்பில் இருந்தது ஃபையான்ஸ் என்ற வகை. சாதாரண டைல்போல மெல்லிய தகடு இல்லை. களிமண்ணை அச்சில் அழுத்தி, சுட்டு, மேலே கண்ணாடிபோல மெருகு ஏற்றிய கனமான துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டிடத்தில் தன் இடத்துக்கென்றே செய்தது: மூலைக்கு ஒன்று, ஜன்னல் மேல் விளிம்புக்கு ஒன்று. கடையில் இதற்கு மாற்று வாங்க முடியாது. இருக்கும் துண்டின் மேல் பிளாஸ்டர் பூசி, காய்ந்ததும் உரித்தால் அதன் வடிவம் எதிர்மறையாகப் பதிந்திருக்கும். அதிலிருந்து புதுத் துண்டு செய்யலாம் என்றாலும் அதிலும் ஒரு சிக்கல். களிமண் காய்ந்து சூளையில் சுடும்போது சுருங்கும். தோராயமாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அசலிலிருந்து எடுத்த அச்சில் அப்படியே களிமண்ணை அழுத்தினால் வெளிவரும் துண்டு சிறியதாகி, சுவரில் இடைவெளி விழும். அதனால் அச்சை அந்தச் சுருக்கத்துக்குத் தக்கபடி பெரிதாக்கிச் செய்ய வேண்டும். ஓர் அடி நீளத் துண்டு வேண்டுமானால், ஈரக் களிமண்ணில் சுமார் 13 அங்குலத்துக்குச் செய்து சூளைக்கு அனுப்ப வேண்டும். அசல் அளவு துல்லியமாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கே தொடங்கும். சில்லுச் சில்லாக நொறுங்கிய துண்டிலிருந்து அந்த அளவை எடுக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், ஈஸ்டருக்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, டைல் டைலாகப் பிளாஸ்டர் பூசியவர்களுக்கு இந்த வழக்கில் பெரிய பங்கு உண்டு. அவர்களை வரவழைத்த குடியிருப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு. இடிக்கப் போகிறார்கள் என்று அவர்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மனசுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். அந்த மனசின் பேச்சை அவர்கள் கேட்டார்கள்.

நோட்டீஸ், மேல்முறையீடு, சாரம்

நகரமன்றம் உடனே செயல்பட்டது. பழையபடியே கட்ட வேண்டும், 18 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் விட்டது. 'செங்கல் செங்கலாக' என்ற சொல் அப்போதுதான் செய்திகளில் ஒட்டிக்கொண்டது. 5,300 பேருக்கு மேல் இந்தப் போராட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார்கள். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2016இல் பொது விசாரணை நடந்தது. திட்ட ஆய்வாளர் முன்னால் அக்கம்பக்கத்தார் எழுந்து பேசினார்கள். ஜூலையில் தீர்ப்பு நகரமன்றத்தின் பக்கம் வந்தது. கட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த வழக்கு நடக்கும்போதே சட்டமும் மெல்ல நகர்ந்தது. பப்பை மூடச் சொன்ன அந்த ஈஸ்டர் திங்கட்கிழமை, 2015 ஏப்ரல் 6, இன்னொரு விதத்திலும் நினைவில் வைக்க வேண்டிய நாள். சமூகச் சொத்தாகப் பதிவான பப்களை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ முழு அனுமதி கட்டாயம் என்ற விதி அமலுக்கு வந்த நாள் அது. பதிவில்லாத பப்களுக்கு அந்தக் கவசம் இல்லை. 2017 மே 23 முதல் இங்கிலாந்தின் எல்லா பப்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பப்கள் சத்தமில்லாமல் கடையாகவும் வீடாகவும் மாறிவிட்டன. போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பப்களைப் பற்றிய ஆய்வின் முடிவில், 2015 ஆகஸ்டில், ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பரிந்துரையில் 21 பப்கள் ஒரே நேரத்தில் பட்டியலில் ஏறின. கார்ல்டன் இடிந்து நாலே மாதம்.

தீர்ப்பு வந்துவிட்டதே என்று கட்டிடம் மறுநாள் எழும்பிவிடவில்லை. சாரம் கட்டிக் கிடந்த வருஷங்கள் நீண்டன. போராட்டத்தில் நின்றவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி, கட்டிடம் திரும்பும், பப் திரும்புமா? இந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பழையபடி கட்டு என்று உத்தரவு போடலாம். நடத்து என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது. இடித்த நாளில் போனது சுவர் மட்டும் இல்லை. நடத்திய அம்மாவின் பிழைப்பு, வேலை செய்தவர்களின் சம்பளம், தினமும் அதே ஸ்டூலில் உட்கார்ந்த முதியவர்களின் மாலைப்பொழுது எல்லாம்தான். ஆறு வருஷத்தில் அந்த முதியவர்களில் சிலர் இல்லாமலே போயிருப்பார்கள். அதற்கெல்லாம் 173ஆம் பிரிவில் பரிகாரம் கிடையாது.

அப்புறம் கோவிட் வந்தது. 2020 மார்ச் 20 அன்று நாட்டின் எல்லா பப்களும் மூடின. ஜூலையில் திறந்தன, நவம்பரில் மூடின, டிசம்பரில் திறந்த சில நாளிலேயே லண்டனில் மறுபடி மூடின. கட்டிடம் தயாரானபோது நாட்டில் ஒரு பப்பும் திறந்திருக்கவில்லை. 2021 ஏப்ரல் 12 முதல் பப்கள் வெளியில் மட்டும் பரிமாறலாம், உள்ளே யாரும் உட்காரக் கூடாது என்று அரசு அறிவித்தது. குத்தகைக்கு எடுத்திருந்த புதியவர்கள் அந்த நாளிலேயே திறந்தார்கள். அன்று காலை லண்டனில் பனி பெய்தது. ஆறு வருஷம் காத்திருந்தவர்கள் கோட்டை இறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். போராடித் திரும்பப் பெற்ற உள்பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க மே 17 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

மறுகட்டிடம் போலி, அதைப் பார்த்து ஏன் நெகிழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. செங்கல் புதியது, சரிதான். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பவர்கள் பலருக்கும் நகல் கட்டிடம் என்றால் ஒவ்வாமை. பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இங்கே நகலுக்கு வேறொரு வேலை இருக்கிறது. இடித்துவிட்டால் இடித்ததுதான், அபராதத்தைக் கட்டிவிட்டு ஃப்ளாட்டை எழுப்பலாம் என்ற கணக்கை அது உடைக்கிறது. முன்பு சொன்ன அந்த இரண்டு எண்களில் ஃப்ளாட்டுக்கான எண் அழிந்து, இடித்த செலவும் திரும்பக் கட்டிய செலவும் ஆறு வருஷ வருமான இழப்பும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. அடுத்த கட்டிடத்தை வாங்கும் நிறுவனத்தின் கணக்கர் இதைப் பார்ப்பார்.

ஹிம்லியில்

எல்லாரும் பார்க்கவில்லை என்பது 2023இல் தெரிந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஹிம்லி அருகே 'க்ரூக்கட் ஹவுஸ்' என்ற பப் இருந்தது. 1765இல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி தோண்டியதால் மண் இறங்கி, கட்டிடமே ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு முனை மறுமுனையைவிட ஏறக்குறைய 4 அடி தாழ்ந்துவிட்டது. உள்ளே மேஜையின் மேல் கோலிக்குண்டை வைத்தால் அது மேட்டைப் பார்த்து ஏறுவதுபோலத் தெரியும். அதைப் பார்க்கவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். 2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. ஆகஸ்ட் 7 அன்று இடித்துவிட்டார்கள். அதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு போயிருந்தது. அங்கேயும் மனுவுக்குப் பதில் வருமுன் கட்டிடம் போய்விட்டது.

இந்தத் தடவை என்ன செய்வது என்று யாரும் தலையைச் சொறியவில்லை. கார்ல்டன் டேவர்னைக் காட்டித்தான் எல்லாரும் பேசினார்கள். 2024 பிப்ரவரியில் சவுத் ஸ்டாஃபர்ட்ஷயர் மன்றம் நோட்டீஸ் விட்டது: தீப்பிடிப்பதற்கு முன் இருந்தபடியே மூன்று வருஷத்துக்குள் திரும்பக் கட்ட வேண்டும். இருந்தபடியே என்றால் சாய்வோடு. இருநூறு வருஷமாக மண் இறங்கி இறங்கி வந்த கோணத்தை, புதுச் செங்கலில், விழாமல் நிறுத்த வேண்டும். கில்பர்னில் கேட்ட கேள்விதான் ஹிம்லியிலும் முதலில் நிற்கிறது: எந்தச் சுவர் எந்த உயரத்தில் எத்தனை அங்குலம் சாய்ந்திருந்தது என்று இடிவதற்கு முன்னால் யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?